தடைக்காலமும் பிள்ளைகளின் படிப்பும்



இவ்வாரப் பாடம் ஞானோபதேசப் புத்தகத்திலிருந்து எடுத்ததன்று. நம்முடைய கடற்கரையிலிருந்து எடுத்தது. கீழ்க்கடற்கரை நெடுகிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாது என்பது சட்டம். முன்னே 45 நாளாக இருந்த இத்தடை 2017-ல் 61 நாளாயிற்று. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வேண்டுமென்பதற்காக ஏற்பட்ட தடை. அதைப் பற்றி எனக்குக் குறை ஒன்றுமில்லை. கடலுக்கும் ஓய்வு வேண்டும் சாமி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே உங்களில் மூத்தவர்கள்தாம்.

ஆனால் காலண்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். மே மாதத்தில் பரீட்சை முடிவுகள் வருகின்றன. மே முடிவதற்குள் கல்லூரிகளுக்கு மனுப் போடவேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் ஜூன் முதல் பாதியிலேயே பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. ஆக, வீட்டில் காசு முழுதும் வற்றிப்போன நேரம் எதுவோ அதே நேரத்தில்தான் பிள்ளையின் படிப்புக்குக் காசு கேட்கிறார்கள். அரசாங்கம் தரும் தடைக்கால நிவாரணம் அரிசிக்கும் பருப்புக்கும் பழைய கடைப் பாக்கிக்குமே போய்விடுகிறது. பாடப்புத்தகம் இலவசந்தானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் நோட்டு வேண்டும், செருப்பு வேண்டும், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் சீருடை வேண்டும், பெண்பிள்ளைக்கு மாதாமாதம் வேண்டிய சாமான் வேண்டும், பெரிய பையனைக் கல்லூரியில் சேர்க்க முதல் நாளே கட்டவேண்டிய பணம் வேண்டும். இந்த நேரத்தில்தான் காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகிறது. இந்த நேரத்தில்தான் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்குகிறோம். முன்பணம் வாங்கிய வீட்டில், ஜூன் 15-ம் தேதி படகு கிளம்பும்போது, தகப்பனோடு மகனும் ஏறிவிடுகிறான்.

ஒரு பிள்ளை படிப்பை விடுவது ஒரே நாளில் நடக்கிற காரியமென்று நினைக்காதீர்கள். நான் பார்த்த வரையில் அது படிப்படியாய் நடக்கிறது. முதலில் திங்கட்கிழமைகளில் தாமதமாய்ப் போவான். பிறகு, வகுப்பில் காசு கேட்கிற நாளாகப் பார்த்து வயிற்று வலி என்பான். பிறகு, ஆள் குறைகிறதென்று யாரோ கூப்பிட்டார்கள், இந்த ஒரு தடவை மட்டும் என்று ஐஸ் கம்பெனிக்குப் போவான். மாலையில் வந்து தாயின் கையில் பணத்தைக் கொடுப்பான். எங்கேயிருந்து வந்தது என்று அந்தத் தாய் கேட்கமாட்டாள், கேட்கவும் முடியாது, அடுப்பில் உலை கொதிக்கிறது. அன்று இரவு அவனுக்குத் தட்டில் மீன் துண்டு ஒன்று அதிகமாய் விழும். அவன் பெரிய ஆளாகிவிட்டான். காசு கண்ட பையனை மறுபடி பெஞ்சில் உட்காரவைப்பது எவ்வளவு கடினமென்று நம் ஊர் வாத்தியார்களைக் கேளுங்கள்.

பதினான்கு வயது நிறையாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கலாகாது, பதினெட்டுக்குட்பட்டவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தலாகாது என்று 2016-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. சட்டத்தை இங்கே எழுதுவது உங்களைப் பயமுறுத்துவதற்காக அன்று. ஆள் குறைகிறது என்று பையன்களைக் கூப்பிடுகிறவர்களும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியும். அவர்களும் என் பிள்ளைகளே. இந்த ஜூன் மாதம் அப்படிக் கூப்பிடவேண்டாமென்று அவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். இந்தப் பங்குக்கு வருமுன் வேறோர் ஊரில் இருந்தேன். நோட்டும் பையும் வாங்கிக் கொடுக்க ஓர் உபகாரி பணம் அனுப்பியிருந்தார். அவருக்கு நன்றி சொல்லவேண்டும், மற்றவர்களையும் தூண்டவேண்டும் என்ற நினைப்பில், ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளின் பெயரை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாய் வாசித்தேன். ஒவ்வொருவராய்ப் பீடத்தண்டை வந்து வாங்கிக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கடைசியாய் வந்தான். தலை நிமிரவில்லை. வாங்கிக்கொண்டு பக்கத்து வாசல் வழியே போய்விட்டான். அடுத்த ஞாயிறு அவன் பூசைக்கு வரவில்லை. பள்ளிக்கும் போகவில்லையென்று இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போனேன். அவன் தாய் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, “சாமி, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா அவன் பேர மைக்குல வாசிச்சிட்டீங்களே. கூடப் படிக்கிற புள்ளைங்க அவனை இப்போ நோட்டுக்காரன்னு கூப்பிடுதாங்க” என்றாள். அந்தப் பை சுவரில் மாட்டியபடியே இருந்தது. உள்ளே நோட்டுகள் பிரிக்கப்படவில்லை.

தருமம் செய்யும்போது தாரை ஊதவேண்டாமென்று நம் ஆண்டவர் மலையின்மேல் போதித்ததைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். ஒலிபெருக்கியும் தாரைதான் என்பது அந்தத் தாய் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவளிடமும் அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவன் மன்னித்தான், பள்ளிக்குத் திரும்பவில்லை. இப்போது ஐஸ் லாரி ஓட்டுகிறான். எங்கேயாவது என்னைக் கண்டால் வண்டியை ஓரமாய் நிறுத்தி, இறங்கி, சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி என்கிறான். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பை ஞாபகத்துக்கு வருகிறது.

ஆகையால், உதவி செய்ய நினைக்கிறவர்களுக்கு என்னுடைய முதல் விண்ணப்பம் இது. பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். தாய் தகப்பன் கையில் கொடுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லாதீர்கள். மார்க் குறைந்தால் அடுத்த ஆண்டு கிடையாது என்று மிரட்டாதீர்கள். உங்கள் வீட்டு மகன் கிழித்துப்போட்ட பழைய பையைக் கொடுப்பதைவிடப் பேசாமல் இருப்பது மேல். உங்கள் மகனுக்கு வாங்கும்போது அதே கடையில் அதே பையை இரண்டாய் வாங்கிவிட்டால், எது யாருடையதென்று பள்ளிக்கூடத்தில் ஒருவனுக்கும் தெரியாது.

பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது? நம் பங்கில் அவர்களே அதிகம். அவர்களுக்காகவே ஒரு செய்தி சொல்கிறேன். பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளில் கவாய் என்றொரு தீவு உண்டு. 1955-ம் ஆண்டில் அங்கே பிறந்த 698 குழந்தைகளைப் பிறந்த நாள் தொட்டு நடுவயதுவரை சிலர் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். எம்மி வெர்னர் என்ற அம்மையார் அந்த வேலையை முன்னின்று நடத்தினார். வறுமை, தகப்பனின் குடி, வீட்டில் ஓயாத சண்டை, தாயின் மனநோய், இவற்றில் பலவும் ஒன்றாய்ச் சேர்ந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் தடுமாறினார்கள். மூன்றில் ஒரு பங்கினரோ நன்றாய்ப் படித்து, வேலையில் அமர்ந்து, கண்ணியமான மனிதராய் வளர்ந்தார்கள். அதே கஷ்டத்தில் இவர்கள் மட்டும் எப்படித் தேறினார்கள்? பல காரணங்கள் கண்டார்கள். அவற்றில் திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒன்று. அப்பிள்ளைக்கென்று, வீட்டிலோ வெளியிலோ, நிலையான அன்புள்ள பெரியவர் ஒருவராவது இருந்தார். பாட்டியாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டாராக இருக்கலாம். சிறு வயதில் தடுமாறியவர்களிலும் அநேகர் பிற்காலத்தில் எழுந்து நின்றார்கள் என்பதையும் அந்த அம்மையார் எழுதியிருக்கிறார். இது தாய்மார்களுக்குப் பெரிய ஆறுதல். பதினேழு வயதில் கணக்கை முடித்துவிடாதீர்கள்.

கவாய்த் தீவுக்குப் போவானேன், அர்ச். ஜான் போஸ்கோவைப் பாருங்கள். அவர் 1815-ல் இத்தாலி நாட்டின் வடபாகத்தில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்னே தகப்பனை இழந்தார். மூத்த தாரத்து மகனான அண்ணன் அந்தோணிக்குத் தம்பி புத்தகம் பிடிப்பது பிடிக்கவில்லை. மண் வெட்டிப் பிழைக்கிற வீட்டில் லத்தீன் எதற்கு என்ற கோபம். அந்த அண்ணனைக் கெட்டவனென்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உழைக்கிற கை ஒன்று குறைந்தால் வீடு என்னவாகும் என்று பயந்த பையன் அவன்; நம் ஊரிலும் அப்படிப்பட்ட அண்ணன்மார் இருக்கிறார்கள். சண்டை ஓயாததைக் கண்ட தாய் மார்கரீத்தம்மாள், மகனை வேறொரு பண்ணைக்கு மாடு மேய்க்க அனுப்பினாள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு அங்கே. பிறகு 1829-ல் கலோசோ என்ற வயோதிகக் குருவானவர் அவனைக் கண்டுபிடித்து லத்தீன் சொல்லிக் கொடுத்தார். ஓராண்டுதான், 1830-ல் அவரும் இறந்துபோனார். மறுபடியும் தெரு.

1831-ல் கியேரி என்ற பட்டணத்துப் பள்ளியில் சேரும்போது அவனுக்கு வயது 16. உட்கார்ந்ததோ கீழ் வகுப்பில், சிறுபிள்ளைகளோடு. தங்கிய வீட்டு அம்மாளின் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சாப்பாட்டுச் செலவைக் குறைத்தான். பிறகு ஒரு காப்பிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, மாடிப்படிக்கு அடியிலிருந்த இடுக்கில் படுத்துப் படித்தான். தையல் வேலையும் கற்றுக்கொண்டான். 1835-ல் குருமடத்தில் சேரும்போது அங்கி வாங்க வழியில்லை. ஊரார் ஒருவர் அங்கி கொடுத்தார், ஒருவர் தொப்பி கொடுத்தார், பங்குக் குரு தம்முடைய மேலங்கியையே கொடுத்தார். செருப்புக்காக ஒரு பெண் வீடு வீடாய்ப் போய்ப் பணம் சேர்த்தாள். 1841-ல் குருப்பட்டம் பெற்றார். சரித்திரம் எழுதுகிறவர்கள் அவருடைய கனவுகளைப் பக்கம் பக்கமாய் எழுதுகிறார்கள். எனக்கோ, பத்து வயதுப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த அந்தப் பதினாறு வயதுப் பையனே கண்முன் நிற்கிறான். அவனைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். அவன் எழுந்து போய்விடவில்லை. ஓராண்டு கழித்து, அதே பிள்ளைகளைக் கூட்டி மகிழ்ச்சிச் சங்கம் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தான்.

நடுவில் படிப்பை விட்ட பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்: எட்டாம் வகுப்பு தேறியவன் தனித்தேர்வராய்ப் பத்தாம் வகுப்பு எழுதலாம். ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கும் சில தொழிற்பிரிவுகள் உண்டு. பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஒரு பாடத்தில் தவறியவன் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை; ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு நடக்கிறது, எழுதித் தேறினால் அதே ஆண்டில் மேலே சேரலாம். மே மாதத்தில் பெயில் என்ற செய்தி வந்த அன்று இரவு வீட்டில் என்ன பேசப்படுகிறது என்பதுதான் முக்கியம். அன்று இரவு அடிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லவும் வேண்டாம். சோறு போட்டுத் தூங்க வையுங்கள். அவனைத் தனியே விடாதீர்கள். தகப்பனோ அண்ணனோ பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும். மறுநாள் காலையில் துணைத்தேர்வு மனுவைப் பற்றிப் பேசலாம். மனம் மிகவும் உடைந்திருந்தால் 14417 என்ற எண்ணுக்குப் பேசலாம். பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்கென்று 2018-ல் ஏற்படுத்தியது. பிள்ளைக்கு வேறு வகைத் துன்பம் நேர்ந்தால் 1098.

உரிமையாய் வரவேண்டிய பணத்தைக் கேட்டு வாங்காமல் விடுகிறவர்களும் நம்மில் அநேகர். எட்டாம் வகுப்பில் ஒரு பரீட்சை உண்டு. தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வு என்று பெயர். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடிய ஆண்டுக்கு 12,000 ரூபாய். தலைமையாசிரியரைக் கேளுங்கள், பழைய வினாத்தாள்களைக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று. ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் தொடங்கிற்று. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். சம்பாதிக்கும் தகப்பனோ தாயோ விபத்தில் இறந்தாலும் நிரந்தரமாய் முடங்கினாலும் அப்பிள்ளையின் படிப்புக்கென்று பள்ளி மூலமாய் நிதியுதவி கேட்கலாம். கடலில் கணவனை இழந்த ஒரு தாய், இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இரண்டு ஆண்டு கழித்து என்னிடம் வந்தாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு, இவை இல்லாமல் ஒன்றும் நடவாது. தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள்? திண்ணையில் சீட்டு விளையாடுகிற நேரத்தில் இ-சேவை மையத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள்.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காமராசர் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவை விரித்து நடத்தியபோது, சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்று எளிமையாய்க் கணக்குப் போட்டார்; வந்தார்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு முடியவுள்ள பிள்ளைகளை நினைத்து ஏற்பட்டது. மதிய உணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளை, அதிகமாய்ப் படிக்கவேண்டிய அந்த வயதில், காலையில் கறுப்புத் தேநீரோடு பஸ் ஏறுகிறது. அடுத்த வீட்டில் இட்லி அவிக்கிறவர்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளையை, உங்கள் மகளோடு சேர்ந்து போகலாம் வா என்று காலை ஏழு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டால், இரண்டு இட்லி சாப்பிடாமலா அவர்கள் கிளம்பப்போகிறார்கள்?

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். தடைக்காலத்தில் வேலை இல்லாத மனுஷனுக்குப் பொழுது போகாது. டாஸ்மாக் கடை கூப்பிடும். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியவேண்டாம், கணக்குத் தெரியவேண்டாம். மாலையில் பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் வலையைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். டெலிவிஷனை நிறுத்துங்கள், செல்போனைத் தூர வையுங்கள். இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. தகப்பனுக்குச் சொல்லிக் காட்டியதைப் பிள்ளை மறக்காது.

ஊர்க் கமிட்டியாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். நம் பாதுகாவலியின் திருநாளில் சென்ற ஆண்டு வாண வேடிக்கை முக்கால் மணி நேரம் நடந்தது. நானும் நின்று பார்த்தேன், அழகாய்த்தான் இருந்தது. இந்த ஆண்டு கால் மணி நேரம் போதும் என்று கேட்டிருக்கிறேன். தேவதாய் வருத்தப்படமாட்டாள். மிச்சமாகும் பணம் கல்லூரியில் முதல் நாள் கட்டவேண்டிய பிள்ளைகளுக்குக் கடனாய்ப் போகும். வட்டி இல்லை, ஜூன் 15-க்குப் பிறகு கடல் கொடுக்கும்போது தாய் தகப்பன் திருப்பிக் கொடுக்கலாம். கடனாய்ப் போகட்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம், வாங்குகிறவர்கள் தலை நிமிர்ந்து வாங்கவேண்டும் என்பதே. இதைப் பற்றிக் கமிட்டியில் இன்னும் வாக்குவாதம் முடியவில்லை. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் மறுபடி கூடுகிறோம். வீட்டுப் பெண்களும் வரவேண்டும்.

1833-ல் பாரீஸ் பட்டணத்தில் இருபது வயதுக் கல்லூரி மாணவரான பிரெதரிக் ஓசானாம் தோழர்களோடு ஆரம்பித்ததே நம் வின்சென்ட் தே பவுல் சபை. ஏழைகளைக் கோயில் வாசலுக்கு வரச் சொல்லாமல், அவர்கள் வீட்டுக்குத் தாங்களே போவதுதான் அந்த மாணவர்கள் பிடித்துக்கொண்ட வழி. நம் பங்கின் சபையார் ஜூன் முதல் வாரத்தில், பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு இருவர் இருவராய்ப் போவார்கள். மாலை நேரத்தில், கையில் நோட்டுப் புத்தகம் இல்லாமல், பெயர் எழுதாமல் போவார்கள். வந்தவர்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லிப் பேசுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்காகப் பங்கு மண்டபம் பள்ளி திறந்த நாள் முதல் மாலை 6.30 மணியிலிருந்து 9 மணி வரை திறந்திருக்கும். எல்லாப் பிள்ளைகளும் வரலாம், எந்த மதத்தாரானாலும் வரலாம். கணக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு கல்லூரி மாணவர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் சம்மதித்திருக்கிறார்கள். இன்னும் வேண்டியது, படிப்புச் சொல்லிக் கொடுக்கத் தெரியாவிட்டாலும் வந்து உட்கார்ந்திருக்கக்கூடிய பெரியவர்கள், வாரத்தில் ஒருநாள் ஒருவர். பெண்பிள்ளைகளை 9 மணிக்கு வீடு கொண்டுபோய் விட இரண்டு தாய்மாரும் வேண்டும். சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. மண்டபத்து மின்விசிறிகளில் இரண்டு ஓடவில்லை; எலக்ட்ரிக் வேலை தெரிந்தவர் யாராவது இந்தச் சனிக்கிழமை ஏணியோடு வந்து பார்த்துக் கொடுத்தால் உபகாரமாயிருக்கும்.

பங்கு சுவாமி